தீசிஸ் எழுதும் தங்கச்சிக்கு

'ஆன் தி அதர் ஹேண்ட்', 'இன் தி கேஸ் ஆஃப்' எல்லாம் எல்லார் பேப்பரிலும் இருக்கிறதே, நானும் எழுதினால் காப்பி என்று பிடிப்பார்களா அக்கா என்று கேட்டாய். பிடிக்க மாட்டார்கள். பொதுவாகப் புழங்கும் சொற்கள் தொடர்ந்து 14 வரை ஒத்துப்போனால் கணக்கில் சேர்ப்பதில்லை என்று யூஜிசியின் 2018 விதிமுறையே சொல்கிறது. நாலு வார்த்தைக்கு ஏன் நடுங்குகிறாய்? அடுத்தவருடைய கண்டுபிடிப்பு என்றால் மட்டும், ஒரு வரியானாலும் பெயரைச் சொல்லிவிடு.

இந்தத் தொடர்களுக்கு மொழியியலில் 'லெக்சிகல் பண்டில்' என்று பெயர். கென் ஹைலண்ட் என்பவர் 2008-இல் உயிரியல், மின்பொறியியல், வணிகவியல், பயன்பாட்டு மொழியியல் நான்கையும் ஒப்பிட்டார். துறைக்குத் துறை தொடர்கள் மாறுகின்றன. அதனால் சீனியர்கள் வாட்ஸ்அப்பில் தள்ளிவிடும் பொதுப் பட்டியலை நம்பாதே. உனக்கானதை நீயே எடு. 'ஆன்ட்கான்க்' இலவச மென்பொருள். உன் துறையின் நல்ல கட்டுரைகள் இருபதை டெக்ஸ்ட் ஃபைலாக்கி அதில் போட்டு, 'என்-கிராம்' பகுதியில் அளவை 4 என்று வை. நாலைந்து கட்டுரைகளிலாவது வருவதை மட்டும் எடுத்துக்கொள். ஒரே கட்டுரையில் திரும்பத் திரும்ப வந்தால் அது அந்த ஆளின் பழக்கம், துறையின் வழக்கம் இல்லை.

எடுத்த பிறகுதான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். 'ஆன் தி அதர் ஹேண்ட்' போட்டால் முன்னால் சொன்னதற்கு எதிர்ப்பக்கம் வரவேண்டும். 'மேலும்' என்ற அர்த்தத்தில் அதைப் போட்ட தீசிஸ்கள் நிறையப் பார்த்துவிட்டேன். 'ஆன் தி கான்ட்ரரி' அதைவிடக் கறார். முன்னால் சொன்னதே தப்பு என்று மறுக்கும்போதுதான் வரும். 'ஆஸ் கேன் பி சீன் ஃப்ரம் ஃபிகர் 3' என்று எழுதுமுன் அந்தப் படத்தைத் திறந்து பார். நீ சொல்வது அதில் தெரியவில்லை என்றால் வைவாவில் முதல் கேள்வியே அதுதான்.

'இட் ஷுட் பி நோட்டட் தட்'டுக்கு மட்டும் நான் எதிரி. கைடுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் கன்ட்ரோல்-எஃப் போட்டுத் தேடி, ஒவ்வொன்றாக அழித்துவிட்டு வாக்கியத்தைப் படி. பத்தில் எட்டு இடத்தில் ஒன்றும் குறையாது. மிச்சம் இரண்டை வைத்துக்கொள்.