சேனை வறுக்கப் பழகுகிறவர்களுக்கு

தைப்பூசம் நெருங்கினால் எங்கள் கீரனூர்ப் பக்கம் பாதி வீடுகளில் கவிச்சி இருக்காது. பழனிக்கு மாலை போட்டவர் ஒருவர் இருந்தாலும் போதும், வீடே விரதம்தான். சித்திரை, வைகாசியில் நட்ட சேனை எட்டு ஒன்பது மாதம் மண்ணுக்குள் கிடந்து வெட்டுக்கு வருவதும் இதே சமயத்தில்தான். அதனால் மீனுக்குப் பூசுகிற மசாலாவைக் கிழங்குக்குப் பூசிக் கல்லில் போடுவது எங்களுக்குப் பழகிப்போன சமையல். புதிதாகக் கரண்டி பிடிக்கிற பிள்ளைகள் இதில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். கேட்டால், “மசாலா சரியில்லை” என்கிறார்கள். மசாலா பாவம், அதன்மேல் பழி போடாதீர்கள். ஈரமும் அவசரமும்தான் இந்த வறுவலைக் கெடுக்கின்றன.

1. கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். அளவுக்குத் தகுந்த கனம் இருக்க வேண்டும், அழுத்தினால் அமுங்கக் கூடாது. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து வருகிற பெரிய கிழங்கைக் கடைக்காரர் கீற்றுப் போட்டு விற்பார். வெட்டு வாய் காய்ந்து கறுத்திருந்தால் வேண்டாம். நாலு பேருக்கு அரைக் கிலோ தாராளம். பக்கத்தில் சின்னச் சின்னதாகக் குவிந்து கிடப்பது பிடிகருணை. அது மசியலுக்கு ஆகும், வறுவலுக்கு ஆகாது.

2. நறுக்கும் முன் கிழங்கையும் கழுவாதீர்கள், கையையும் நனைக்காதீர்கள். மண்ணைத் துணியால் தட்டிவிட்டு, உள்ளங்கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, தோலைச் சற்று ஆழமாகவே சீவுங்கள். சேனைக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாக இருக்கிறது. கையில் அரிப்பதும் தொண்டையில் குத்துவதும் அதுதான். மீறி அரித்தால் புளித்தண்ணீரில் கையைக் கழுவுங்கள், அடங்கும்.

3. துண்டுகள் அரை விரல் கனம், எல்லாம் ஒரே அளவு. மெலிந்தால் வேகும்போதே உடையும். தடித்தால் வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கும்.

4. புளியை விட்டுவிடாதீர்கள். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, துண்டுகள் மூழ்கத் தண்ணீர், கொஞ்சம் மஞ்சள்தூள், உப்பு சேர்த்துத் திறந்த பாத்திரத்தில் கொதிக்க விடுங்கள். புளிப்பும் கொதியும் சேர்ந்துதான் அரிப்பை அடக்கும். ஏழெட்டு நிமிடத்தில் கத்திமுனை லேசாக இறங்கும். அதுதான் முக்கால் பதம். குக்கரில் வைத்தால் பதம் உங்கள் கையில் இல்லை. வடிக்கும் முன் ஒரு விள்ளல் எடுத்து நாக்கில் வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். சுணை தெரிந்தால் இன்னும் இரண்டு கொதி விடுங்கள். மசாலா பூசிய பிறகு தெரிந்து பயனில்லை.

5. வடித்ததைத் துணியில் பரப்பி விசிறிக்கடியில் கால்மணி நேரம் ஆற விடுங்கள். எல்லோரும் தாவிப்போகிற படி இதுதான். தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகும். மேலே ஈரம் இருக்கிறவரை துண்டு அந்தச் சூட்டைத் தாண்டாது. பொன்னிறமாகச் சிவக்கவோ 140 டிகிரியாவது வேண்டும். ஈரத்தோடு கல்லில் போட்டால் கிழங்கு அவியும், வறுபடாது.

6. மசாலாவைக் கெட்டியாக அரையுங்கள். மிளகாய்த்தூள் ஒன்றரைக் கரண்டி, மல்லித்தூள் ஒரு கரண்டி, மிளகு, சோம்பு, சீரகம் அரை அரைக் கரண்டி. எல்லாம் டீக்கரண்டி அளவு. நாலைந்து பல் பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் இரண்டு பல் போதும், அதற்குக் காரம் அதிகம். அந்தப் பூண்டு 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது சும்மா இல்லை. தண்ணீர் தெளித்துத்தான் அரைக்க வேண்டும், ஊற்றக் கூடாது. மொறுமொறுப்புக்கு ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு. உப்பு அளந்து போடுங்கள், வேகும்போதே பாதி ஏறியிருக்கிறது. பூசி இருபது நிமிடம் வையுங்கள்.

7. இரும்பு தோசைக்கல்லும் செக்குக் கடலெண்ணெயும் போதும். கல் நன்றாகக் காய்ந்ததும் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, தீயை நடுத்தரமாக்கித் துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்குங்கள். நெருக்கி அடுக்கினால் ஒன்றின் ஆவியில் மற்றொன்று நனையும். மூடி போடவே கூடாது. தீ அதிகமானால் பூண்டு கருகிக் கசக்கும்.

8. கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். போட்டவுடன் பெரிதாகச் சத்தம் வரும், அது தண்ணீர் வெளியேறுகிற சத்தம். மெல்ல மெல்ல அது தணிந்து, துண்டின் ஓரத்தில் மட்டும் பொடிக் குமிழிகள் நிற்கும். மசாலாவின் பச்சை வாசனை போய் வறுத்த மல்லி மணம் எழும். நாலைந்து நிமிடம் ஆகும். அப்போது தோசைத்திருப்பியை அடியில் கொடுத்தால் துண்டு தானாகக் கழன்று வரும். ஒட்டினால் இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள், சுரண்டாதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஒரே திருப்பு. கறிவேப்பிலை கடைசியில்.

9. எடுத்ததை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காதீர்கள், சூட்டு ஆவியிலேயே தொளதொளத்துப் போகும். தட்டில் பரப்பி வையுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் வீட்டில் இருந்தால், ஆக்சலேட் உள்ள கிழங்கு என்பதைச் சொல்லி, அவர்கள் மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்துங்கள்.

10. அரிசியும்பருப்பும் சாதத்துக்கும் ரசத்துக்கும் இது பொருந்தும். தயிர்ச்சாதத்துக்குக் கேட்கவே வேண்டாம். முதல் தடவை விருந்தாளி வருகிற நாளில் முயல வேண்டாம், வீட்டாருக்கு மட்டும் செய்யுங்கள். எல்லாம் எடுத்த பிறகு கல்லில் மசாலாத் துணுக்கும் எண்ணெயும் ஒட்டியிருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு அதில் ஒரு கைப்பிடி சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிடுங்கள். அது சமைத்தவரின் கூலி. யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை.