கணினியில் உள்ள கணக்கேட்டைக் காப்பது எப்படி?



முன்னாளில் இரவு கடைக் கதவை அடைக்குமுன் செய்யும் கடைசிக் காரியம் ஒன்று உண்டு. கணக்கப்பிள்ளை அன்றைய சிட்டையைக் கூட்டிப் பேரேட்டில் பதிவார். பின்னர் அந்தப் பேரேட்டைக் கல்லாப் பணத்தோடு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். பணம் போனால் மீண்டும் சம்பாதித்துக்கொள்ளலாம். பேரேடு போனால் யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும் என்பதே தெரியாமற் போகும் என்பதை அக்காலத்து முதலாளிகள் நன்கு அறிந்திருந்தார்கள்.

இன்று பேரேடு கணினிக்குள் போய்விட்டது, பூட்டைத்தான் காணோம். பல கடைகளில் காலையில் திறந்த கணினி இரவுவரை திறந்தபடியே கிடக்கிறது. கணக்கு ஒரே இடத்தில் ஒரே படியாக இருக்கிறது. அது அழிந்தால் கடன் பாக்கிகள் மட்டுமா போகும்? வருமான வரிக்குரிய கணக்குகளை மலேசியாவில் 7 ஆண்டும் சிங்கப்பூரில் 5 ஆண்டும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதிகாரி கேட்கும்போது "கணினி கெட்டுவிட்டது" என்று கூறித் தப்பிக்க இயலாது.

இதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் வேண்டியதில்லை. விண்டோஸ் கணினியிலேயே அமைந்திருக்கும் வசதிகளைப் பயன்படுத்தினால் போதும். விண்டோஸ் 11-ல் காணும் பெயர்களைக் கொண்டே கீழே விளக்குகிறோம்.

முதலாவது: பூட்டு

விசைப்பலகையின் கீழ் வரிசையில், இடப்புறம், சன்னல் சின்னம் பொறித்த விசை ஒன்று இருக்கிறது. அதை அழுத்திக்கொண்டு 'எல்' என்னும் எழுத்தைத் தட்டுங்கள். திரை உடனே பூட்டிக்கொள்ளும். செய்துகொண்டிருந்த வேலை ஒன்றும் கெடாது. திரும்பி வந்து கடவுச்சொல்லைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தேநீர் குடிக்க எழுந்தாலும் இதைச் செய்வதே நல்ல பழக்கம். கடவுச்சொல் வைக்காத கணினியில் இந்தப் பூட்டு வெறும் திரைச்சீலைதான் என்பதையும் மறவாதீர்.

இரண்டாவது: ஆளுக்கொரு சாவி

முதலாளியும் பில் போடுபவரும் ஒரே பெயரில் கணினிக்குள் நுழைவது சரியன்று. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'அக்கவுண்ட்ஸ்', அதனுள் 'அதர் யூசர்ஸ்' என்னுமிடத்தில் சிப்பந்திக்குத் தனிக் கணக்கு ஏற்படுத்தலாம். அது 'ஸ்டாண்டர்ட் யூசர்' என்ற வகையில் இருக்கட்டும். அவர் தம் வேலையைத் தடையின்றிச் செய்வார். ஆயின் முதலாளியின் சொந்தக் கோப்புகளைத் திறக்கவோ, கணினியின் முக்கிய அமைப்புகளை மாற்றவோ அவருக்கு இயலாது. இது சிப்பந்தியின்மேல் சந்தேகம் கொள்வதாகாது. தவறு ஒன்று நேர்ந்தால் வீண்பழி அவர்மேல் விழாமல் இருக்கவும் இதுவே துணை.

மூன்றாவது: படி எடுத்து வைத்தல்

எல்லாவற்றிலும் தலையாயது இதுவே. வெளியே இணைக்கும் வட்டு ஒன்றை வாங்கிக் கணினியில் செருகுங்கள். 'கண்ட்ரோல் பேனல்' பகுதியில் 'ஃபைல் ஹிஸ்டரி' என்பதைத் திறந்து 'டர்ன் ஆன்' என்பதை அழுத்துங்கள். அன்று முதல் 'டாக்குமெண்ட்ஸ்', 'டெஸ்க்டாப்' முதலிய இடங்களில் மாற்றம் பெறும் கோப்புகளை மணிக்கொரு முறை கணினி தானாகவே படி எடுத்து அந்த வட்டில் சேர்க்கும்.

இதன் சிறப்பு யாதெனில், பழைய படிகளும் அழியாமல் இருப்பதே. பிற்பகல் 3 மணிக்கு ஒருவர் கைதவறி ஒரு வாடிக்கையாளரின் பற்று வரவை அழித்துச் சேமித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 'ரெஸ்டோர் பெர்சனல் ஃபைல்ஸ்' என்பதன் வழியே 2 மணிப் படியை மீட்டுக்கொள்ளலாம்.

நிற்க. இதில் மூன்று எச்சரிக்கைகள் உள்ளன.

ஒன்று, கணக்கு மென்பொருள்கள் சில தம் பதிவுகளை வேறிடத்தில் வைக்கும். அவற்றை இவ்வசதி தொடாது. அம்மென்பொருளிலேயே உள்ள 'பேக்கப்' கட்டளையைக் கொடுத்து, வரும் கோப்பை 'டாக்குமெண்ட்ஸ்' பகுதியில் சேமியுங்கள்.

இரண்டு, எப்போதும் செருகியே இருக்கும் வட்டு தீ விபத்திலும் திருட்டிலும் கணினியோடு சேர்ந்தே போகும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய நிரல் புகுந்தால் அந்த வட்டும் தப்பாது. ஆகவே இன்னொரு வட்டில் வாரம் ஒருமுறை கோப்புகளைப் பிரதி செய்து வீட்டிற்கு எடுத்துச் சென்றுவிடுங்கள்.

மூன்று, மாதம் ஒருமுறை அந்தப் படியிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத படியை நம்பி இருப்பது, எண்ணிப் பார்க்காத பணக்கட்டை வாங்கிப் பெட்டியில் வைப்பது போன்றது.

நான்காவது: போலிப் பட்டியலை இனங்காணுதல்

சரக்குப் பட்டியல் என்று சொல்லி மின்னஞ்சலில் ஒரு கோப்பு வருகிறது. பெயரின் முடிவில் 'பி.டி.எஃப்.' என்று இருக்கிறது, நம்பித் திறக்கிறோம். உண்மையில் அதற்குப் பின்னும் 'இ.எக்ஸ்.இ.' என்னும் எழுத்துகள் மறைந்திருக்கலாம். அப்படியானால் அது பட்டியலன்று. கணினியில் இயங்கும் நிரல். இந்த வால் எழுத்துகளை விண்டோஸ் வழக்கமாக மறைத்தே காட்டுகிறது. 'ஃபைல் எக்ஸ்ப்ளோரர்' திறந்து, 'வியூ', 'ஷோ', 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் முழுப் பெயரும் வெளிப்படும்.

ஐந்தாவது: தவணை நாள்

கணினியிலுள்ள 'கால்குலேட்டர்' கூட்டல் கழித்தலுக்கு மட்டும் உரியதன்று. அதன் பட்டியலில் 'டேட் கால்குலேஷன்' என்று ஒரு பிரிவு உண்டு. 90 நாள் தவணையில் ஜனவரி 10-ல் சரக்குக் கொடுத்தால் பணம் வரவேண்டிய நாள் ஏப்ரல் 10. லீப் ஆண்டாயின் ஏப்ரல் 9. விரல்விட்டு எண்ணும்போது நேரும் இத்தகைய ஒருநாள் பிசகைக் கணினி செய்யாது.

இறுதியாக ஒன்று. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'அபவுட்' என்று சென்றால் உங்களுடையது எது என்பது தெரியும். பழையதாயின் மாற்றத்திற்கு ஏற்பாடு செய்யுங்கள். மாற்றுமுன் கணக்குகளைப் படி எடுத்துவிடுங்கள்.

அன்பர்களே! ஐந்தையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இன்றிரவு கடை அடைக்குமுன் படி எடுக்கும் வேலையை மட்டுமாவது தொடங்குங்கள். வெள்ளம் வருமுன் அணை போடுபவனே வியாபாரி.