கோதுமை இல்லாத மளிகைக் கணக்கு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். குளூட்டன் இல்லாத ரொட்டி, பாஸ்தா, பிஸ்கட், கேக் மாவு, சப்பாத்தி மாவு என்று வரிசையாக எழுதி, கூட்டுத்தொகைக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய். தறிக்கூலியில் ஓடும் வீடு. அந்தத் தொகையைப் பார்த்த உன் அம்மாவுக்குத் தூக்கம் போயிருக்கும். பட்டியலில் முக்கால்வாசியை இப்போதே அடித்துவிடு. காலையில் ரொட்டி, மாலையில் பாஸ்தா என்று வளர்ந்தவர்களுக்கு, இழந்ததைப் போலவே ஒன்று வேண்டும் என்பதற்காகச் செய்த பொருள்கள் அவை. வெண்ணந்தூரில் பிறந்த உனக்கு இழப்பு அத்தனை பெரிதில்லை. செலவு வேண்டிய இடங்கள் வேறு.

உனக்கு வந்திருக்கும் சீலியாக் நோய்க்கு மருந்துக்கடையில் மருந்து கிடையாது. கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலின் உள்சுவரையே தாக்குகிறது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. நீ பிளஸ் டூ படிக்கும்போது ரத்தசோகை என்று எத்தனை இரும்பு மாத்திரை விழுங்கியும் ஏறாமல் போனதற்குக் காரணம் இதுதான். பரோட்டா மாஸ்டர் வீசும் மாவு கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவையைத் தருவது குளூட்டன். குளூட்டனை ஆயுசுக்கும் விட்டுவிடுவதுதான் சிகிச்சை.

கோதுமைதான் காரணம் என்று கண்டுபிடித்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. 1944-45 குளிர்காலத்தில், போர்க்காலப் பஞ்சத்தில் அங்கே ரொட்டி கிடைக்காமல் போனது. ஊரே பட்டினியில் வாடியபோது, அவரிடம் சிகிச்சையில் இருந்த சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி நோயில் விழுந்தார்கள். கோதுமைமேல் அவருக்கு முன்பே இருந்த சந்தேகம் உறுதியானது. 1950இல் அதை ஆய்வேடாகவே எழுதினார். அந்தக் குழந்தைகளுக்கு யாரும் விசேஷ ரொட்டி வாங்கித் தரவில்லை என்பதைக் கவனி.

நம் பக்கத்தில் இந்த நோய் அபூர்வம். 2016இல் வெளியான ஓர் ஆய்வில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று இந்தியாவின் மூன்று பகுதிகளில் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம் பேரின் ரத்தத்தில் இருந்தது; தெற்கே 0.10 சதவீதம்தான். அதற்கு இடம்கொடுக்கும் மரபணு மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. வேறுபட்டது தட்டு: வடக்கே ஒருவர் நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். உன் மாதக் கணக்குக்கு இந்த 25 கிராம்தான் முக்கியம். அந்தச் சிறு பங்கை விலக்கினால் போதும். மீதித் தட்டு முன்போலவே இருக்கும்.

ரேஷனில் அரிசிக்குப் பதிலாகக் கோதுமை வாங்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல். அரிசி 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அரிசியில் செறிவூட்டிய மணிகள் கலந்திருந்து, அவற்றைப் பிளாஸ்டிக் அரிசி என்று அம்மாயி பொறுக்கி எறிந்தால் தடுத்துவிடு. இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்து அரிசிமாவில் செய்த மணிகள் அவை. இட்லி, தோசை, சந்தவை, பணியாரம், அரிசியும்பருப்பும் சாதம், கம்மங்கூழ், களி இவை எதிலும் குளூட்டன் கிடையாது.

அப்படியானால் செலவே இல்லையா என்றால், உண்டு. பட்டியலில் நீ எழுதாத இடங்களில் இருக்கிறது.

பெருங்காயத்திலிருந்து தொடங்குவோம். கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு கோந்தும் மாவும் கலந்திருக்கும், அந்த மாவு பல கம்பெனிகளில் மைதா. தூள் என்றில்லை, கட்டியிலும் இருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய், இட்லிப்பொடி என்று நாள் முழுக்க அது உன் தட்டுக்கு வருகிறது. ஒரு சிட்டிகை என்ன செய்துவிடும் என்று கேட்பார்கள். 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில், நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் கொடுத்ததற்கே சிறுகுடல் பாதிக்கப்பட்டது தெரிந்தது. டப்பாவின் பின்பக்கம் படி. அரிசிமாவு சேர்த்த பெருங்காயமும் விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் பெருங்காயமே வேண்டாம். சீரகமும் பூண்டும் போதும்.

அடுத்தது மாவு மில். கேழ்வரகு சுத்தமான தானியம்தான். ஆனால் உனக்கு முன்னால் வந்தவர் கோதுமை அரைத்துப் போயிருந்தால், கல்லில் ஒட்டிய மாவு உன் தூக்கில் இறங்கும். கடையில் பாக்கெட்டில் விற்கும் ராகி மாவுக்கும் இதே கதி. தானியமாக வாங்கி, முறத்தில் புடைத்து, கோதுமை மணி கிடந்தால் பொறுக்கிவிட்டுக் கழுவி, வீட்டிலேயே அரைத்துக்கொள். கேழ்வரகையும் கம்பையும் ஊறவைத்து கிரைண்டரில் போட்டால் தோசைக்கு ஆகும், கூழுக்கும் ஆகும். களிக்கு உலர்மாவு வேண்டுமென்றால் மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முடியும். அலுப்பான வேலை, ஒப்புக்கொள்கிறேன். தம்பியையும் பிடித்து உட்கார வை.

காசு போட வேண்டிய பொருள்கள் இவை: உனக்கென்று ஒரு தோசைக்கல், ஒரு கரண்டி, ஒரு சல்லடை, ஒரு பலகை. சப்பாத்தி சுட்ட கல்லைக் கழுவியதாக எல்லோரும் சொல்வார்கள். பழைய இரும்புக்கல்லில் ஏறியிருக்கும் கரி கழுவினாலும் போகாது. ஒருமுறைச் செலவு, நீ கேட்டிருந்த ரொட்டியில் சில பாக்கெட் விலைதான் வரும். இதைவிட மலிவான வழி, சமையலறையிலிருந்தே கோதுமையை வெளியேற்றுவது. தம்பிக்குப் பரோட்டா ஆசை வந்தால் கடையில் தின்றுவிட்டு வரட்டும். பக்கத்துத் தறிவீட்டில் பாவுக்குக் கஞ்சி போட மைதா காய்ச்சினால் பயப்படாதே, தொட்டால் ஒன்றும் ஆகாது. அந்த அண்டாவும் அகப்பையும் உங்கள் அடுப்படிக்கு வராமல் பார்த்துக்கொண்டால் சரி.

இப்போது ஒரு எச்சரிக்கை. மலிவு என்று அரிசியை மட்டும் மூன்று வேளையும் சாப்பிட்டால் குடல் ஆறும், உடம்பு தேறாது. ரொட்டியில் மிச்சமான காசை இங்கே போடு. நாமக்கல் முட்டை ஊரெல்லாம் லாரியில் போகிறது, உனக்குத் தினம் ஒன்று கிடைக்காதா? கேழ்வரகு 100 கிராமில் 350 மில்லிகிராமை ஒட்டிச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. உன் எலும்புக்கு அது தேவை. சாமைக்குக் கொல்லிமலை இருக்கிறது. மலையில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பரவியதும் சாமையும் தினையும் சுருங்கிவிட்டன. உரலில் குத்தித் தோல் நீக்கும் பாடு பெண்கள் தலையில் விழுந்ததும் ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைக்கிராமங்களுக்குத் தோல் நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுபோன பிறகு கொஞ்சம் மீண்டது. சாமை, வரகு, தினை, குதிரைவாலி எதுவானாலும் முழுத் தானியமாக வாங்கு. நகரத்துக் கடையில் அழகான உறையில் வருவதற்குக் கொடுக்கும் காசு உறைக்குத்தான்.

குச்சிக்கிழங்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நீ பட்டியலில் எழுதிய கேக் மாவின் உள்பொருள்களைப் படித்துப் பார்: அரிசிமாவு, மரவள்ளி ஸ்டார்ச் என்றுதான் பல உறைகளில் இருக்கும். ராசிபுரம் சாலையில் சேகோ என்ற ஜவ்வரிசி ஆலைகளைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்வாயே, அங்கே எடுக்கும் அதே சரக்கு! சேலத்தில் 1981இல் பதிவான சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் அந்த ஆலைகளின் ஸ்டார்ச்சையும் ஜவ்வரிசியையும் விற்றுத் தருகிறது. ஜவ்வரிசி உப்புமா, ஜவ்வரிசிப் பாயசம் தாராளமாகச் செய். ரவைக்கும் சேமியாவுக்கும் மாற்றாக அது போதும். ஆனால் அது வெறும் மாவுச்சத்து. நிலக்கடலையோ பயறோ சேர்க்காமல் அதையே சாப்பாடாக்கிக்கொள்ளாதே.

சேலம் கல்லூரிக்குப் போகப் போகிறாய், வெளித்தீனி இல்லாமல் முடியாது. ஆட்டையாம்பட்டி முறுக்கும் தட்டுவடை செட்டும் அரிசிமாவுப் பண்டங்கள். மைதா கலக்கிறார்களா, எந்தப் பெருங்காயம் என்று கடைக்காரரிடம் கேள், கூச்சப்படாதே. ஓட்டல் தோசை வேண்டாம், அதே கல்லில் ரவா தோசையும் சப்பாத்தியும் வேகின்றன. இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிடலாம், சாம்பாரைத் தள்ளிவை. நம்மூர் அவில் மிட்டாயை அவல் என்று பேரை நம்பி வாயில் போடாதே, என்ன மாவு சேர்கிறது என்று விசாரித்துக்கொள். ஒப்புட்டு, கேசரி, கோதுமை அல்வா, சேமியாப் பாயசம் இனி இல்லை. ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களும் இல்லை, அவற்றில் சேரும் மால்ட் முளைகட்டிய பார்லி. கல்யாண வீட்டில் சாதம், தயிர் என்று முடித்துக்கொள். பந்தியில் யாராவது ஓர் அத்தை வருத்தப்படுவார். பட்டுக்கொள்ளட்டும்.

விசேஷப் பொருளே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பிறந்தநாளுக்கு ஒரு கேக், பயணத்துக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட், இருக்கட்டும். வாங்கும்போது குளூட்டன் ஃப்ரீ என்ற எழுத்தைத் தேடு; நம் நாட்டு உணவுத் தர விதிப்படி அப்படிப் போட, குளூட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டாமல் இருக்க வேண்டும். வெறுமனே மில்லட் என்று பெரிதாக அச்சடித்த பிஸ்கட்டில் பாதி மைதா இருக்கலாம். இத்தாலியில் 2005 சட்டப்படி சீலியாக் நோயாளிகளுக்கு மாதாமாதம் அரசே உணவுக்கு உதவித்தொகை தருகிறது; கனடாவில் கூடுதல் செலவை வருமான வரியில் காட்டலாம். இங்கே ரொட்டிக்கு அப்படி ஒன்று இல்லை. ரேஷன் அரிசி இருக்கிறது, அதைச் சின்னதாக நினைக்காதே.

மிச்சப்படுத்தவே கூடாத செலவு ஒன்று உண்டு, பரிசோதனை. நோயைக் காட்டும் எதிர்ப்பொருளை அளக்கும் டிடிஜி ரத்தப் பரிசோதனையை ஆறு மாதம் கழித்து மறுபடி எடு. அளவு இறங்காவிட்டால் எங்கோ கோதுமை ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். பெருங்காய டப்பாவிலிருந்து தேட ஆரம்பி. இரும்பு மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிக்கொள், அதற்குக் காசு கொடுக்காதே.

தம்பியையும் அம்மா அப்பாவையும் சோதிக்க வேண்டும். நெருங்கிய ரத்த உறவில் பத்துப் பேரில் ஒருவர் அளவுக்கு இது வருகிறது, அறிகுறியே இல்லாமலும் இருக்கும். கோதுமையை நிறுத்திய பிறகு ரத்தம் கொடுத்தால் நோய் இருந்தாலும் தெரியாமல் போகலாம். அதனால் சமையலறையை மாற்றும் முன்பே மூவரையும் அழைத்துப் போ. தம்பி ரிசல்ட் வரும்வரை பரோட்டா தின்றுகொண்டிருக்கட்டும், அவனுக்குச் சந்தோஷம்தான். தாள்கள் வந்ததும் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா