நாற்காலிக்கு ஆள் தேடும் என் அண்ணன் மகளுக்கு

கண்ணு,

மாற்றுத்திறனாளிகளின் மேல்முறையீட்டைக் கேட்கும் குழுவுக்கு ஆட்களைப் பரிந்துரைக்கும் வேலை உன்னிடம் வந்திருப்பதாக உன் அப்பா சொன்னார். சந்தவாசலில் தறிக்குழியில் கால் வைத்துக்கொண்டே முப்பது வருஷம் சங்க வேலையும் பார்த்தவன் நான். சான்றிதழுக்காகவும் உதவித்தொகைக்காகவும் எத்தனையோ பேரைப் போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் கூட்டிப் போயிருக்கிறேன். இது போன்ற குழுக்களுக்குப் பெயர் எழுதிக் கொடுத்தும் இருக்கிறேன். எழுதிக் கொடுத்ததில் பாதி தவறான பெயர்கள். அந்தத் தவறுகளிலிருந்து தெரிந்துகொண்டதைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

1. வந்து நிற்பவர் எதற்காக வருகிறார் என்பது உன் மனத்தில் இருக்கட்டும். மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் பாதிப்பு 40 விழுக்காடு என்று இருந்தால் சட்டம் கைகொடுக்கும். 39 என்று எழுதிவிட்டால் பெரும்பாலான கதவுகள் சாத்திக்கொள்ளும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு நம் மாநிலம் தருகிற மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு அந்தக் கோடு 75. ஒரு எண்ணை மாற்றவா இத்தனை தூரம் வந்தீர்கள் என்று கேட்ட அலுவலரை நான் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணில்தான் ஒரு வீட்டின் அரிசியும் மருந்தும் இருக்கிறது. சான்று தந்தவரின் முடிவை எதிர்த்து முறையிடும் உரிமையை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு தருகிறது. கேட்கும் அதிகாரம் யார் கையில் என்பதை மாநில அரசு குறிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தக் கையில் ஈரம் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் எழுத முடியாது, கண்ணு. அதை நீதான் பார்க்க வேண்டும்.

2. பெரிய பெயருக்கு மயங்காதே. ஒருமுறை ஒரு குழுவுக்கு எங்களிடம் பெயர் கேட்டார்கள். ஊரே கையெடுத்துக் கும்பிடும் ஒருவரின் பெயரைக் கொடுத்தேன். நல்லவர்தான், ஆனால் அவருக்கு நேரம் இல்லை. வருஷத்தில் மூன்று முறை வந்தார். படவேட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் மனு ஒத்திவைப்பு மேல் ஒத்திவைப்பாகக் கிடந்தது. கடைசியில் அவர் இறந்துபோனார். மனுவின் மேல் ‘முடித்துவைக்கப்பட்டது’ என்று எழுதினார்கள். அந்தச் சொல்லை இன்றைக்கும் என்னால் நிம்மதியாக வாசிக்க முடிவதில்லை. ஒருவர் பெயரை எழுதும் முன், மாதத்தில் எத்தனை நாள் தருவீர்கள் என்று கேள். பதில் சொல்லத் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வா.

3. இரண்டாவது கேள்வி கேட்கத் தெரிந்தவரை எடு. எங்கள் தெருவில் காது கேளாத பெண் ஒருத்தி இருந்தாள். உதட்டைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வாள். புரியாத பாதிக்குச் சிரித்துத் தலையாட்டுவாள். சின்ன வயசிலிருந்து அப்படித்தான் சமாளித்துப் பழக்கம். விசாரணையில் ஒருவர், “நான் பேசுவது கேட்கிறதா அம்மா?” என்றார். அவள் தலையாட்டினாள். “நன்றாகக் கேட்கிறதே” என்று எழுதிவிட்டார்கள். இரண்டு நிமிஷம் ஆகவில்லை. அவர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், உண்மை தெரிந்திருக்கும். இதில் என் குற்றமும் உண்டு. சைகை மொழி தெரிந்தவரை வரவழையுங்கள் என்று கேட்காமல், நானே போதும் என்று கூட நின்றேன். அந்த ஆணவம் அவளுக்கு இரண்டு வருஷத்தைத் தின்றது. நீ பேசிப் பார்க்கும் ஆட்களில், முதல் பதிலிலேயே எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைப்பவரை விட்டுவிடு.

4. மாற்றுத்திறனாளி ஒருவர் அந்த மேசையில் இருந்தே ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதே. பிரிட்டனில் இப்படிப்பட்ட முறையீடுகளைக் கேட்க 1992இலேயே மூன்று பேரை உட்கார வைத்தார்கள்: சட்டம் தெரிந்த ஒருவர், மருத்துவர் ஒருவர், இயலாமையோடு வாழ்வது எப்படி என்று அனுபவத்தில் அறிந்த ஒருவர். நம் நாட்டிலும் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தத் திசையில் பேசியிருக்கிறது. தசைச் சிதைவு நோயுள்ள ஒரு மாணவரை மருத்துவம் படிக்கத் தகுதியில்லை என்று வல்லுநர் குழு ஒதுக்கியிருந்தது. தானே மாற்றுத்திறனாளியான மருத்துவர் சதேந்திர சிங்கை நீதிமன்றம் பார்த்துச் சொல்லச் சொன்னது. என்னென்ன கருவியும் வசதியும் இருந்தால் அந்த மாணவரால் முடியும் என்று சதேந்திர சிங் பார்த்தார். மாணவருக்கு இடம் கிடைத்தது. மதிப்பீட்டுக் குழுக்களில் மாற்றுத்திறனாளியான மருத்துவர் இருக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு வலியுறுத்தியது.

ஆனால் இதிலும் நான் ஒரு பாடம் படித்தேன். ஊன்றுகோலோடு நடக்கும் ஒருவரை, நம்மவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பரிந்துரைத்தேன். சொந்த உழைப்பில் மேலே வந்தவர். வருகிறவர்களிடம் அவர் கேட்டது, “நான் யாரிடமும் கை நீட்டாமல் நிற்கவில்லையா?” என்பதுதான். அவருக்குப் படிக்க வைத்த அப்பா இருந்தார், தார்ச்சாலையோரம் வீடு இருந்தது. ஜமுனாமரத்தூருக்கு அப்பால் மலைக்கிராமத்திலிருந்து இறங்கி வந்த அம்மாவுக்கு அந்த இரண்டும் இல்லை. தன் காயத்தை எல்லோருக்கும் அளவுகோலாக வைப்பவர் வேண்டாம். தன் வலியை வைத்து அடுத்தவர் வலியைக் கேட்கக் கற்றவரைத் தேடு. அவர்கள் அதிகம் பேச மாட்டார்கள், கண்டுபிடிக்க நாளாகும்.

5. மருத்துவர் வேண்டும்; கைகால் மூட்டை மட்டும் பார்க்காமல் ஆளையும் பார்க்கிற மருத்துவர் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இயலாமை 7 வகைதான் இருந்தது, இப்போதைய சட்டத்தில் 21. மனநோயும் தலசீமியாவும் அதில் உண்டு. கண்ணுக்குத் தெரியாத இவற்றை ஒருநாள் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. என் தறிக்குப் பக்கத்துத் தறியில் ஒருவர் இருந்தார். மனசு சரியாக இருக்கும் மாதம் அவர் நெய்யும் புடவையில் ஒரு குறை சொல்ல முடியாது. அடுத்த மாதம் பாவு அப்படியே கிடக்கும். எழுந்து முகம் கழுவக்கூட ஆகாது. நல்ல நாளில் அவரைப் பார்த்தவர்கள், நோயே இல்லை என்றார்கள். 2024 அக்டோபர் 15 அன்று வேறொரு மாணவரின் வழக்கில், விழுக்காட்டை மட்டும் பார்த்து ஒருவரைத் தள்ளிவிடக் கூடாது, அவரால் என்ன செய்ய முடியும் என்று பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். மேல்முறையீட்டு அமைப்புகள் உருவாகும் வரை, நீதிமன்றத்துக்கு வருபவர்களைச் சிறந்த மருத்துவ நிறுவனத்தின் பார்வைக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொன்னது. மருத்துவப் படிப்பு பற்றிய வழக்குதான் அது. ஆனாலும் உன் பட்டியலில் வரும் ஒவ்வொரு மருத்துவரும் அதைப் படித்திருக்கட்டும்.

6. எல்லோரையும் ஏமாற்றுக்காரராகப் பார்ப்பவரை எடுக்காதே. பொய்ச் சான்றிதழ் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர்களைப் பிடிக்க ஆவணம் இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது. சந்தேகத்தை முகத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால், பயந்த சுபாவமுள்ள உண்மையானவர்தான் முதலில் வாயடைத்துப் போவார். பொய் சொல்ல வந்தவர் நன்றாகவே பேசுவார்.

7. முதல் முடிவில் கையெழுத்துப் போட்டவர் மேல்முறையீட்டில் உட்காரக் கூடாது. அவருக்கு நெருங்கியவரும் கூடாது. சிபாரிசுக் கடிதத்தோடு வரும் பெயரைத் தனியே எடுத்து வை. நாளைக்கு நானே யாருக்காவது சொல்லி அனுப்பினாலும், சித்தப்பா என்று பார்க்காதே.

8. பெண் உறுப்பினர் இல்லாத குழுவை அமைக்காதே. உடம்பின் குறையைக் காட்டிப் பேச வேண்டிய இடம் அது. நான்கு ஆண்கள் எதிரே புடவையை முழங்காலுக்கு மேல் தூக்க மனம் வராமல், மனுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு பேருந்து ஏறிய ஒரு தாயின் பக்கத்தில் நான் உட்கார்ந்து வந்திருக்கிறேன். போளூர் வரை அவள் பேசவே இல்லை.

9. காரணம் எழுதத் தெரிந்தவரா என்று பார். ‘நிராகரிக்கப்பட்டது’ என்ற ஒரு சொல்லோடு ஒருவரை அனுப்பக் கூடாது. ஏன் என்று அவருக்குப் புரியும் தமிழில், நான்கு வரியாவது வேண்டும். முந்தைய மாதம் எழுதியது தவறென்று தெரிந்தால் அடுத்த மாதம் அதை ஒப்புக்கொள்ளும் நெஞ்சும் வேண்டும். நெய்கிறவனுக்கு இது தெரியும்: அறுந்த இழையைப் பார்த்த உடனே முடிந்துவிட்டால் ஒரு முடிச்சோடு போகும். மறைத்து மேலே நெய்தால் முழம் முழமாகப் பிரிக்க வேண்டி வரும்.

10. கடைசியாக ஒன்று கேட்கிறேன். நீதிமன்றமும் தீர்ப்பாயமும் மாற்றுத்திறனாளிகள் வந்துபோகத் தகுந்தபடி இருக்க வேண்டும் என்று முதலில் சொன்ன 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. இருந்தும் விசாரணையை மாடியில் வைத்துவிட்டு, ஏறி வர முடியாதவரை ‘ஆஜராகவில்லை’ என்று குறித்ததைப் பார்த்தவன் நான். ஆகவே பட்டியலை மேலே அனுப்புவதற்கு முன் ஒருநாள் ஊருக்கு வா. நீ மனத்தில் வைத்திருக்கும் ஆட்களையும் அழைத்து வா, கார் வேண்டாம். காலையில் சந்தவாசலில், சக்கர நாற்காலியில் இருக்கும் பையனையும் அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பேருந்து ஏறுவோம். போளூரில் இறங்கி மாறி, கலசபாக்கம் வழியாகத் திருவண்ணாமலை போய், அலுவலகத்துப் படி வரைக்கும் அவர்களோடு போவோம். வழியில் யார் கேட்காமலே நாற்காலியைத் தூக்கக் கை கொடுக்கிறார், யார் அந்தப் பையனிடமே பேசுகிறார், யார் அவன் தலைக்கு மேலே அவன் அம்மாவிடம் பேசுகிறார் என்று பார்த்துக்கொள். அதன் பிறகு பெயர்களை எழுது.