கைவசம் இல்லாத சரக்கு

கைபேசி வழியே துணியும் அத்தரும் விற்கும் சிறு வியாபாரம் இன்று நம் இல்லங்கள் பலவற்றில் நடைபெறுகிறது. ஒரே சரக்கை நூறு பேர் விற்கும் சந்தையில் புதிதாய் இறங்குவோர் கலங்குவது இயல்பே.

கி.பி. 622-இல் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஃது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ துஆச் செய்துவிட்டுச் சந்தைக்கு வழி மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகா கூட்டத்தாரின் சந்தை அது. பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள், பின்னர் பெருஞ்செல்வந்தரானார்கள். ஆகவே போட்டி தடையன்று. முறை தவறுவதே தடை.

தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாமென ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பிறர் சரக்கின் படத்தைக் காட்டி, நம்முடையதென விற்றுப் பணம் பெற்று, பிறகு அதை வாங்கி அனுப்புவதும் இதில் அடங்கும். இதற்கு மாற்று வழிகள் உண்டு. சரக்குக்காரரின் முகவராய் நின்று, பேசிய தரகுக் கூலி பெறலாம். அல்லது தரம், அளவு, தரும் நாள் ஆகியவற்றைக் குறித்து, முழு விலையையும் முன்பே வாங்கும் 'ஸலம்' முறையில் விற்கலாம்.

வாங்கியவர்போல் நாமே புகழுரை எழுதுவது வஞ்சனை. இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் இதைத் தடை செய்கின்றன. நனைந்த தானியத்தை அடியில் மறைத்தவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். சாயம் போகும் துணியெனில் படத்தின் கீழேயே அதைச் சொல்லிவிடுவோம். விற்பனை குறையலாம், பரக்கத் குறையாது.

அல்லாஹ் நமக்கு ஹலாலான ரிஸ்கை அருள்வானாக! ஆமீன்.