கட்டுத்தரை முதல் கண்ணபுரம் சந்தை வரை

நம் தமிழில் 'மாடு' என்ற சொல்லுக்குச் 'செல்வம்' என்ற பொருளும் உண்டு. உழவும் வண்டியும் மாட்டையே நம்பியிருந்த காலத்தில், தொழுவம் நிறைந்த வீடே செல்வம் நிறைந்த வீடாக இருந்தது. அச்செல்வத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் குடும்பங்கள் கொங்கு நாட்டில் இன்றும் உள்ளன. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் குடும்பம் அத்தகையது. விடுமுறையில் அவள் வீட்டிற்குச் சென்று நாங்கள் கண்டதையும் கேட்டதையும் இங்கே தருகிறோம்.

காங்கேயம் மாடு

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பகுதிகள் மழை குறைந்தவை. அந்த வறண்ட மண்ணுக்கு ஏற்ற இனம் காங்கேயம் மாடு. இதன் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பல் நிறமாக மாறும். வளர்ந்த காளைக்குத் திமிலும் தோளும் கருத்துவிடும். நிறத்தை வைத்து மயிலை, செவலை, காரி என்று பெயரிட்டு அழைக்கின்றனர்.

இம்மாடுகள் மேயும் நிலத்திற்குக் 'கொறங்காடு' என்று பெயர். கொழுக்கட்டைப் புல்லும், நிழலுக்கு வெள்வேல மரமும், சுற்றிலும் முள்கிளுவை வேலியும் கொண்டது கொறங்காடு. உயிர்வேலி இருப்பதால் மாட்டை மேய்க்க ஆள் வேண்டியதில்லை.

இந்த இனம் புகழ்பெறக் காரணமானவர்களுள் முதன்மையானவர்கள் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் நல்ல காளைகளையும் பசுக்களையும் தேர்ந்தெடுத்து இனத்தைச் செம்மைப்படுத்தினார்.

சந்தையில் பார்ப்பது என்ன?

சித்திரை மாதத்தில் வெள்ளகோவிலுக்கு அருகே கண்ணபுரம் மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒட்டியும், ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டியும் பெரிய மாட்டுச் சந்தைகள் கூடுகின்றன. வாங்குவோரும் விற்போரும் மட்டுமன்றி, தாம் வளர்த்த காளையைப் பிறர் பார்க்க வேண்டும் என்று ஓட்டி வருவோரும் உண்டு.

மாட்டின் வயதைப் பல்லால் அறியலாம். மாட்டிற்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. கீழ்த்தாடையில் எட்டு உண்டு. ஏறக்குறைய இரண்டு வயதில் நடுவிலுள்ள இரண்டு பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். பிறகு நான்கு, ஆறு எனக் கூடி, எட்டும் முளைத்துவிட்டால் 'கடைசேர்ந்தது' என்பர். பல்லைப் பார்த்தபின் திமில், கொம்பு, கால், குளம்பு, நடை ஆகியவற்றைப் பார்ப்பர். சுழி பார்க்கும் வழக்கமும் உண்டு. அது நம்பிக்கை, மாட்டின் உடல்நலத்தைக் காட்டுவதன்று. விலையைத் தரகர்கள் வாய்விட்டுச் சொல்லாமல் துண்டுக்கடியில் விரல்பிடித்துப் பேசிக்கொள்வர்.

ஒரு நாளும் மற்ற நாட்களும்

சந்தையில் காளையின் கயிற்றைப் பிடித்து நிற்பவர் தோழியின் தந்தை. பாராட்டும் அவருக்கே. ஆனால் கட்டுத்தரையில் நாங்கள் கண்டது வேறு. விடியுமுன் சாணம் அள்ளுவதும், தாழியில் தண்ணீர் நிரப்புவதும், சோளத்தட்டு போடுவதும், பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பதும் தோழியின் தாயும் ஆத்தாவும்.

"சந்தைக்குப் போறது ஒரு நாளுங் கண்ணு. மத்த நாளெல்லாம் இங்கதான்" என்று ஆத்தா சிரித்தார். எந்தப் பசு எந்தப் பசுவின் கன்று, அதன் தாய் எத்தனை ஈற்று ஈன்றது என்பதை நான்கு தலைமுறைக்கு அவர் சொன்னார். எதுவும் எழுதி வைக்கப்படவில்லை.

இனம் எதனால் குறைந்தது?

முன்பு கவலை இறைக்கவும், ஏர் உழவும், வண்டி இழுக்கவும் காளை வேண்டியிருந்தது. மின்மோட்டாரும் டிராக்டரும் வந்தபின் அந்த வேலை போயிற்று. காங்கேயம் பசு கொடுக்கும் பாலும் குறைவு. ஆகவே பலர் அதிகப் பால் தரும் கலப்பினப் பசுவுக்கு மாறினர். அவர்களைக் குறைகூற முடியாது. குடும்பம் நடக்க வேண்டுமே!

பொலிகாளை வைத்திருப்பவர்க்கு இன்னும் கடினம். இங்கே அதைப் 'பூச்சிக்காளை' என்பர். அது ஏர் இழுக்காது, பால் தராது, தீனி மட்டும் தவறாமல் வேண்டும். ஆயினும் ஊரில் அது இல்லையென்றால் சுற்றிலுமுள்ள பசுக்களுக்குக் கலப்பினச் சினை ஊசியே போடப்படும். சில தலைமுறைகளில் அவ்வூரில் இனமே மறைந்துவிடும். 2017-ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டுக்காக மாணவர்கள் திரண்டபோது நாட்டு மாடுகளின் பெயர்களைப் பலரும் அறிந்தனர். பெயரை அறிவது எளிது. நாள்தோறும் தீனி போடுவதே அரிது.

தோழியின் வீட்டிலும் காளையை விற்றுவிடலாமா என்ற பேச்சு இருக்கிறது. படிப்புச் செலவும் தீவனச் செலவும் ஒன்றாக வருகின்றன. இன்னும் முடிவாகவில்லை.

முடிவுரை

விற்பதா வேண்டாமா என்று சொல்ல நாங்கள் யார்? எங்களால் இயன்றதைச் செய்தோம். ஆத்தா சொல்லச் சொல்ல, மாடுகளின் வம்சாவளியை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம். பதினொரு பக்கங்கள் வந்தன. முதல் பக்கத்தில் அவர் பெயரை எழுதியபோது, "என் பேரு எதுக்குங் கண்ணு?" என்று கேட்டார்.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இத்தகைய அறிவு இருக்கும். அது மாட்டைப் பற்றியதாகவோ, விதையைப் பற்றியதாகவோ, நெசவைப் பற்றியதாகவோ இருக்கலாம். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். கற்ற எழுத்தால் நம் வீட்டிற்கு நாம் செய்யக்கூடிய நன்றி அது.