பைன் காட்டைக் காத்த பெண்கள்



இந்த மாதப் பாடத்துக்கு ஒரு ஆவணப்படத்தை எடுத்துக்கொள்வோம். இது கட்டுக்கதை இல்லை, நடந்ததை நடந்தபடியே காட்டும் படம். பெயர் 'கனேசடாகே: 270 ஆண்டு எதிர்ப்பு'. 1993-ல் வெளிவந்தது. எடுத்தவர் அலனிஸ் ஒபோம்சாவின். அவரும் கனடா நாட்டுப் பழங்குடிப் பெண்தான்.

என்ன நடந்தது?

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் கனேசடாகே என்று ஒரு ஊர். மோகாக் பழங்குடி மக்கள் வாழும் இடம். 1717-ல் பிரெஞ்சு ஆட்சி அந்த நிலத்தைப் பாதிரிமார் சபை ஒன்றுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. உழுது வாழ்ந்தது மக்கள், பத்திரமோ வேறு பெயரில்! தலைமுறை தலைமுறையாக மனு கொடுத்தும் நியாயம் கிடைக்கவில்லை.

1990-ல் பக்கத்து ஊரான ஓகாவின் நகராட்சி, கோல்ஃப் விளையாட்டு மைதானத்தைப் பெரிதாக்கப் பார்த்தது. அதற்குப் பைன் மரக் காட்டை வெட்ட வேண்டும். மோகாக் மக்களின் முன்னோர்களைப் புதைத்த மயானமும் அங்கேதான் இருக்கு. மக்கள் காட்டுப் பாதையை மறித்து உட்கார்ந்தார்கள்.

ஜூலை 11 விடியற்காலை போலீஸ் வந்தது. முன்னால் போய் நின்று பேசியவர்கள் பெண்கள். மோகாக் வழக்கத்தில் குலம் தாய்வழியாக வருகிறது, நிலத்தைக் காப்பதும் பெண்களின் கடமை. போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. இரண்டு பக்கமும் துப்பாக்கிச் சத்தம். ஒரு போலீஸ்காரர் இறந்துபோனார். அந்த உயிரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே? பேசித் தீர்க்க வேண்டியதைப் பலத்தால் தீர்க்கப் போனால் வருவது இதுதான்.

அப்புறம் ராணுவமே வந்து சூழ்ந்தது. 78 நாள் கழித்து, செப்டம்பர் 26-ல் போராட்டம் முடிந்தது. மைதானத் திட்டம் கைவிடப்பட்டது, காடு பிழைத்தது. ஆனால் பரம்பரை நிலம் முழுவதும் மக்கள் கைக்குத் திரும்பிவிடவில்லை.

நாம் கற்றுக்கொள்வது

1. அனுபவிப்பது மட்டும் போதாது, ஆவணமும் வேண்டும். 'காலங்காலமா நம்மகிட்டதானே இருக்கு' என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

2. நடந்ததைப் பதிவு செய்ய வேண்டும். ஒபோம்சாவின் அம்மா முற்றுகைக்குள்ளேயே கேமராவோடு தங்கினார். அதனால்தான் மக்கள் பக்கத்துக் கதை உலகத்துக்குத் தெரிந்தது. நம் குழுவின் தீர்மானப் புத்தகமும் அப்படித்தான். எழுதாத தீர்மானத்துக்குச் சாட்சி கிடையாது.

3. ஒற்றுமையாக நின்றால் குரலுக்கு மதிப்பு உண்டு.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

- நம் வீட்டு நிலப் பட்டா யார் பெயரில் இருக்கு? நாம் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறோமா?
- ஊர்ப் பொது நிலம், மயானம், ஏரிக்கரை எவ்வளவு என்று நமக்குத் தெரியுமா?
- அடுத்த கிராம சபையில் இதைக் கேட்கப் போவது யார்?

பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாத உறுப்பினர் சொல்வதையும் சேர்த்தே எழுதுங்கள்.